வெர்ராவில் யாரும் இல்லை

எங்கள் வீட்டுக்கு ஒரு எண் வேண்டும் என்று நகராட்சியில் போய்க் கேட்டேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கதவில் அடிக்கிற சின்னத் தகடு, அதில் ஓர் எண். கேட்டது அவ்வளவுதான். நீங்கள் தலைநகரத்தில் வளர்ந்தவர், ஐயா. உங்கள் கதவில் எண் இருப்பதை என்றாவது நின்று பார்த்திருப்பீர்களா என்று தெரியவில்லை. எங்கள் குடியிருப்பான வெர்ராவில் பிறந்த பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும் முன்பே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: நகராட்சியிடம் எண் கேட்கக் கூடாது.

எங்கள் ஆட்கள் வடக்கு மலைகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். பழைய ஆட்சி கவிழ்ந்த பிறகு, ஆளில்லாமல் கிடந்த அரசுப் பண்ணை நிலத்தில், ஆற்றை ஒட்டி, யாரையும் கேட்காமல் வீடு கட்டிக்கொண்டார்கள். அனுமதி இல்லாத வீட்டுக்கு எண் கிடைத்தால் அது ஒரு பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறிய வீட்டைத் தேடி இடிக்கிற இயந்திரம் வரும். அதெல்லாம் பயந்தவர்கள் பேச்சு என்று நான் நினைத்திருந்தேன். என் விஷயத்தில் பதினொரு நாளில் வந்தது.

பல்கலைக்கழக விடுதிப் படிவத்தில் முகவரி என்று ஒரு வரி இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். படிவம் என்றால் எல்லா வரியையும் நிரப்பியாக வேண்டும் என்று நம்பினேன். நகராட்சி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் அன்பாகத்தான் எழுதிக்கொண்டார். பதினொன்றாம் நாள் இரண்டு கார்களும் ஓர் இயந்திரமும் வந்தன. எங்கள் வீடு பழசு என்று விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டில் டிலா அக்காவும் அவள் புருஷன் பாஷ்க்கும் எழுப்பிக்கொண்டிருந்த புது மாடியை இடித்தார்கள். பாஷ்க் ஐந்து பருவம் கிரேக்கத்தில் ஆரஞ்சு பறித்த உழைப்பு அது. தளமும் தூண்களும் விழுந்தன. படிக்கட்டு மட்டும் நின்றது. பிறகு அவர்கள் மேலே தகரம் போட்டுக்கொண்டார்கள். அந்தப் படிகள் ஏறிப்போய்த் தகரத்தில் முட்டி நிற்கும். இந்தப் படிக்கட்டைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டி வரும்.

அன்று சாயங்காலம் டிலா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"உன் கதவுல அடிக்க ஒரு நம்பர் வேணும்னு என் தலைக்கு மேல இருந்த தளத்தப் பிடுங்கிட்டியேடி. படிக்கப் போறவ வாய் எவ்வளவு நீளம்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

அவள் போன பிறகு என் அம்மா கதவைச் சாத்தி, மேஜையிலிருந்த ரொட்டியை என் முன்னால் நகர்த்தினாள்.

"கைய வை. வெர்ராவப் பத்தி வெளியில இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொல்லு."

ரொட்டி மேல் கை வைத்துச் சொன்னேன். நான் செய்த சத்தியங்களில் முழுதாகக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவரை வெறுத்துவிட்டால் வராதே என்று சொல்ல மாட்டார்கள். வா என்பார்கள், உட்கார வைப்பார்கள், காப்பியைப் பாதிக் கோப்பை மட்டும் ஊற்றிக் கொடுப்பார்கள். வாங்குகிறவருக்குப் புரியும். எட்டு வருடம், விடுமுறைக்கு வரும்போதும் வேலை கிடைத்து வந்த பிறகும், வெர்ராவில் நான் நுழைந்த வீட்டிலெல்லாம் எனக்குப் பாதிக் கோப்பைதான்.

நான் கோபக்காரி என்று நகராட்சியில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சரிதான். ஆனால் இதைக் கோபத்தில் எழுதவில்லை. விசாரணையை நிறுத்திவிட்டு நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறீர்கள், இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள். கையெழுத்துப் போட ஒரு பக்கத் தாளை வைத்துவிட்டுப் போனீர்கள். வானிலிருந்து எடுத்த படத்தை இயந்திரம் தவறாகப் படித்துவிட்டது, தனிப்பட்ட யாருடைய தவறும் இல்லை என்று அதில் இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட தாள். நான் இதைப் பழைய வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இந்த அறையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

நகராட்சியின் வரைபடத்தைச் செய்தது நான். படிப்பு முடித்து வந்தபோது இந்த ஊரை ஸ்மார்ட் சிட்டி ஆக்க ஐரோப்பிய நிதி வருகிறது என்றார்கள். திட்டப் பிரிவின் தலைவர் ஃபாத்தோஸ் என்னை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தார். ஊரை ஆயிரத்து நானூறு அறுகோணக் கட்டங்களாகப் பிரித்தேன், தேன்கூடு போல. ஒரு கட்டத்தை விரலால் தொட்டால் நிலம் எப்படி, மரம் எத்தனை, மக்கள் எத்தனை என்று விரியும். கீழே மூன்று பட்டைகள்: மலிவான வீடு, பசுமை, வெள்ளப் பாதுகாப்பு. எது முக்கியமோ அதை விரலால் இழுத்தால் வரைபடம் அந்த நொடியிலேயே நிறம் மாறி, எங்கே எதைக் கட்டலாம் என்று காட்டும். ஊர்க்காரர்களே இழுத்துப் பார்த்து வாக்களிக்கலாம். நகராட்சிக் கூடத்தில் பெரிய தொடுதிரை ஒன்றை வைத்தோம். ஒரு மாதம் திருவிழாக் கூட்டம்.

"ஏம்மா, இந்தப் பச்சைய இன்னும் கொஞ்சம் இழுத்தா என் கடை வாசல்ல மரம் மொளைக்குமா?" என்று கேட்டார் ஒரு கறிக்கடைக்காரர்.

"மொளைக்கும். அதுல உன்னத்தான் கட்டித் தொங்கவிடணும், எடையில கை வைக்கிறதுக்கு," என்றாள் பின்னால் நின்ற பெண். "தள்ளு. மலிவு வீடு எங்க இருக்கு, அத முழுசா இழு. என் மருமக இன்னும் என் சமையலறையிலதான் படுத்திருக்கா."

எல்லோரும் மலிவு வீட்டைத்தான் இழுத்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் இழுத்திருப்பேன். ஊருக்குக் கீழே, ஆறு வளைகிற இடத்தில் நிலம் மலிவு. வெள்ளம் வரும் என்பதால் மலிவு. அங்கே ஆயிரத்து நூறு குடும்பங்களுக்கு வீடு கட்டலாம், மேலே எங்காவது வெள்ளத்தை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருந்தால். சாதாரண நாளில் பூங்கா, ஆறு பெருகும் நாளில் மதகைத் திறந்து தண்ணீரை அதில் விட்டுவிட வேண்டியது. வெள்ளப் பூங்கா என்று பெயர் வைத்தோம். பட்டைகளை எப்படி இழுத்தாலும் அதற்குச் சரியான பள்ளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே ஏழு கட்டங்கள். ஏழும் வெர்ரா.

ஆனால் அந்த ஏழும் வரைபடத்தில் சாம்பல் நிறமாகக் கிடந்தன. மக்கள் என்ற இடம் காலி. வெர்ராக்காரர்களின் பதிவெல்லாம் இன்னும் மலைக் கிராமத்துப் புத்தகத்தில் இருக்கிறது. மின்சாரத்துக்கு மொத்த வெர்ராவுக்கும் ஒரே மீட்டர், அதுவும் பழைய பண்ணையின் பெயரில். எண்ணிக்கை இல்லாத கட்டத்தை வரைபடம் கணக்கில் சேர்க்காது. அந்த விதியை எழுதியதும் நான்தான். எண்ணிக்கை இருந்தாலோ இன்னொரு விதி: ஒரு கட்டத்தில் எத்தனை குடும்பமோ, அத்தனை பேருக்கும் முதலில் வேறு வீடு கொடுக்க வேண்டும். வெர்ராவில் அறுபத்தொரு வீடுகள். அறுபத்தொன்றைப் போட்டிருந்தால் அந்த இடம் விலை கூடிப்போய்த் திட்டப் பட்டியலிலிருந்து விழுந்திருக்கும். நிதிக்குக் கெடு அந்த மாதக் கடைசி.

படம் எடுக்க ட்ரோன் பறக்கும் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு நான் வெர்ராவுக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் டிலா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பொம்மை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்குக் கண் படாமலிருக்க, கூரைக் கம்பியில் ஒரு பொம்மையைத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். பழைய கால்சட்டையில் வைக்கோல் அடைத்தது, பிள்ளைகள் விளையாடி எறிந்த கரடி பொம்மை, எதுவானாலும் சரி. குடியேறிய அன்று கழற்றிவிடுவார்கள். பொம்மை தொங்கினால் அந்த வீட்டில் இன்னும் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆளில்லாத வீட்டை ட்ரோன் எழுதிக்கொள்ளாது, எழுதாத வீட்டை இடிக்க மாட்டார்கள் என்று வெர்ராவில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. ட்ரோன் பறக்கிற அன்று எல்லா வீட்டிலும் பொம்மை தொங்கும். ஜன்னல் பலகைகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, துணிக்கயிறுகளை அவிழ்த்து, கோழி, ஆடு, பிள்ளைகளோடு ஒலிவக் குன்றுக்குப் போய்விடுவார்கள்.

டிலா ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டினாள். நீலப் பள்ளிக்கூட அங்கி, கரியால் வரைந்த மூக்குக் கண்ணாடி.

"இது யாருன்னு தெரியுதா?"

"தெரியல."

"நீதான்டி. எங்க வீட்டுக் கம்பிக்குப் படிச்ச பொம்மை." கறுப்பு நூலால் நெருக்கித் தைத்த உதடுகளை விரலால் தடவினாள். "வாய மட்டும் நல்லாத் தச்சிட்டேன்."

முற்றமே சிரித்தது. என் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அக்கா, இந்தத் தடவை வேற மாதிரி," என்று ஆரம்பித்தேன். "எண்ணிக்கைல இருந்தாத்தான் உங்களுக்கு..."

"ஆரம்பிச்சுட்டா," என்றாள் டிலா.

அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள். "ரொட்டி மேல கை வெச்சது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பேசுவதை நிறுத்தினேன். நான் சொல்ல முயன்றேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வாக்கியம்.

படங்கள் வந்தபோது ஃபாத்தோஸ் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இதென்ன, பொம்மைக் கண்காட்சியா? ஒரு ஜன்னல் இல்ல, ஒரு துணி காயல. மலைக்காட்டானுங்க கட்டிட்டு அப்படியே விட்டுட்டு ஜெர்மனிக்குப் போயிட்டானுங்க போல." பிறகு ஞாபகம் வந்தவராக, "நீ அந்தப் பக்கம்தானே?" என்றார்.

"சின்ன வயசுல இருந்தோம், சார்."

என் அலுவலகக் கோப்பில் ஊருக்குள் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முகவரி இருக்கிறது. கதவு எண்ணோடு.

"அப்ப நீயே ஒரு நடை போயிட்டு வந்துடு. நேர்ல பார்த்துட்டு எண்ணிக்கையப் போடு. இந்த ஏழு கட்டமும் இல்லன்னா நிதி இல்ல, நிதி இல்லன்னா உன் ஒப்பந்தமும் இல்ல. மிரட்டறேன்னு நெனைக்காத, நெலமையச் சொல்றேன்."

அவர் நல்ல மனிதர். அவரை இதில் இழுக்க வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் போனேன். ஜன்னல் பலகைகள் திரும்ப ஏறியிருந்தன. பொம்மைகள் மட்டும் தொங்கின. இன்னொரு தடவை பறந்தால் என்ன செய்வது என்று விட்டுவைத்திருந்தார்கள். டிலா வீட்டில் உட்கார்ந்தேன். படுக்கையிலிருந்து அவளுடைய மாமனார் ஸெஃப் யார் என்று கேட்டார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாத மனிதர், காது மட்டும் கூர்மை.

"நம்ம வீட்டுப் பொம்மை வந்திருக்கு, மாமா."

"பேசுதா?"

"பேசல. நல்ல பொம்மை."

எனக்கு முன்னால் காப்பியை வைத்தாள். விளிம்பு வரை. தட்டில் கொஞ்சம் வழிந்திருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு முழுக் கோப்பை. குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தாள். போகும்போது வெங்காயம் அடைத்துச் சுட்ட ப்யுரெக் ரொட்டி ஒரு சுற்றை எண்ணெய்த் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

அலுவலகத்துக்கு வந்து, அந்த ப்யுரெக்கை மேஜையில் வைத்துவிட்டு, ஏழு கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நேரில் பார்த்தவர் எழுத வேண்டிய இடத்தில் பூஜ்யம் அடித்தேன். ஏழு தடவை.

உங்கள் ஒரு பக்கத் தாளில் இல்லாதது இதுதான். இயந்திரம் தவறாகப் படிக்கவில்லை. பொம்மையைப் பார்த்த இயந்திரம் 'தெரியவில்லை' என்று காலியாக விட்டிருந்தது. அது நேர்மையாகத்தான் நடந்துகொண்டது. தெரியாததை இல்லை என்று எழுத ஒரு மனிதக் கை வேண்டியிருந்தது.

சாம்பல் கட்டங்கள் பச்சையாயின. ஊர் வாக்களித்தது. பதினான்கு மாதத்தில் வெர்ராவைச் சுற்றித் தாழ்வாக ஒரு கரையும், ஆற்றுப் பக்கம் ஓர் இரும்பு மதகும் எழும்பின. கீழே ஆயிரத்து நூறு குடும்பங்கள் குடியேறின. சமையலறையில் படுத்திருந்த அந்த மருமகளுக்கும் வீடு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு வேலை நிரந்தரமானது. வெர்ராவின் 'கட்டி முடியாத கட்டடங்களை' வசந்தத்தில் அகற்றுவதாகத் திட்டம். வெர்ராக்காரர்களுக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லை, ஏனென்றால் அனுப்ப அங்கே யாரும் இல்லை. டிலாவுக்கு அதில் பெருமை.

"பார்த்தியா, நம்ம பொம்மைங்க வேலை செஞ்சுடுச்சு. இது என்ன கரை, எதுக்கு?"

"பூங்காவுக்கு," என்றேன். பொய் இல்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வெர்ராவுக்குப் போய் அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது, திங்கட்கிழமை மருத்துவரிடம் காட்டலாம் என்றேன். பல் தொந்தரவு உண்மை. மூன்று மாதமாக உண்மை. டிலா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எங்க மூட்டை முடிச்சோட?" என்று கேட்டாள். அம்மா பல்லைக் காட்டினாள். "படிச்ச பொண்ணு இருந்தா பல்லுக்கும் மரியாதை," என்றாள் டிலா. இந்த முறை அதில் கேலி குறைவாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆற்றிலிருக்கும் அளவுகோல்கள் சிவப்பாயின. மதகைத் திறக்கப் பதினொன்று நாற்பது என்று திரை நேரம் குறித்தது. எல்லாம் தானாக நடக்கும், கடைசிப் பொத்தானை மட்டும் ஒரு மனிதர் அழுத்த வேண்டும். அன்று முறை எர்மாலுடையது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவன். திரையில் இரண்டு வரி இருந்தது. பாதிக்கப்படுவோர்: 0. எச்சரிக்கைச் செய்தி: அனுப்ப யாரும் இல்லை.

"அங்க நெஜமாவே யாரும் இல்லல்ல?" என்று என்னைக் கேட்டான். "பாதி நாள் அந்தப் பக்கம் புகை வருது, பார்த்திருக்கேன்."

"வரைபடம் என்ன சொல்லுது?"

"பூஜ்யம்."

"அப்புறம் என்ன."

"இல்ல, நீங்கதானே நேர்ல போய்ப் பார்த்தது, அதான் கேட்டேன்."

"பார்த்துட்டுத்தானே போட்டேன்."

அவன் முகம் தெளிந்தது. எனக்கும் ஒரு மக்கியாட்டோ காப்பி வாங்கி வந்தான்.

நாற்பது நிமிடம். திறக்காமல் விட்டிருந்தால் கீழே நாலாயிரம் பேர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் முதல் விசாரணையில் அதைத்தான் சொன்னேன். ஆனால் கேள்வி அது இல்லை என்பது எனக்குத் தெரியும். மதகைத் திறந்திருக்கலாம், அதற்கு முன்னால் ஒரு போனும் செய்திருக்கலாம். டிலாவின் எண் என் போனில் இருந்தது. வெர்ராவிலிருந்து ஒலிவக் குன்றுக்கு ஓட எட்டு நிமிடம், ஸெஃபைக் கைவண்டியில் வைத்துத் தள்ளினால் பதினைந்து. ஆனால் போன் செய்திருந்தால் அங்கே ஆட்கள் இருப்பது எனக்குத் தெரியும் என்று ஆகியிருக்கும். ஏழு பூஜ்யங்களையும் தெரிந்தே போட்டவள் என்று ஆகியிருக்கும். அந்த நாற்பது நிமிடத்தில் நான் யோசித்தது அதைத்தான். வேறு எதையும் யோசித்ததாக நினைவில்லை. பதினொன்றேகாலுக்கு அம்மாதான் எனக்குப் போன் செய்தாள்.

"துருக்கி சீரியல் முடிஞ்சிடுச்சு. இந்த மழையில கோழிங்கள யாரு பார்ப்பா? நான் சாயங்காலம் போயிடவா?"

"இரு. பல்லைக் காட்டிட்டுப் போகலாம்."

"டிலாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா, கோழியப் பார்த்துக்கன்னு?"

"அவளத் தொந்தரவு பண்ணாதேம்மா. நான் சொல்லிக்கறேன்."

பதினொன்று நாற்பதுக்கு எர்மால் பொத்தானை அழுத்தினான்.

ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரம். வீட்டிலிருந்த பெண்கள் தண்ணீரின் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். டிலாவும் ஓடியிருக்கலாம். ஸெஃபை விட்டுவிட்டு ஓடவில்லை. அவரை முதுகில் சுமந்துகொண்டு படிக்கட்டில் ஏறியிருக்கிறாள். கடைசிப் படியில் இருவரையும் கண்டெடுத்தார்கள். அதற்கு மேல் தகரம். மாடி இருந்திருந்தால் இருவரும் இருந்திருப்பார்கள். பாஷ்க் அந்த மாடியைக் கட்டத்தான் கட்டினான். ஏன் இல்லாமல் போனது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

ஆக, எனக்குத் தெரியும். பூஜ்யம் அடித்தபோது தெரியும், கரை எழும்பியபோது தெரியும், அம்மாவைக் கூட்டிவந்தபோது தெரியும், எர்மால் கேட்டபோது தெரியும். இதைவிட நேராக எழுத எனக்கு வராது.

ஆனால் இதையும் பாருங்கள். நான் ஒரு தடவை வாயைத் திறந்தேன், ஒரு மாடி போனது. மூடிக்கொள் என்றார்கள், மூடிக்கொண்டேன். அரசாங்கத்தின் கண்ணில் இல்லாமலிருப்பதுதான் வெர்ரா கேட்டது. நான் அதைத்தான் செய்து கொடுத்தேன். அவர்கள் பொம்மையால் செய்ததை நான் ஓர் எண்ணால் செய்தேன். அவ்வளவு சுத்தமாக அவர்களால் செய்திருக்க முடியாது.

தண்ணீர் வடிந்த பிறகு சேதக் கணக்கு எடுக்க வந்தவர்கள் வெர்ராவின் ஒவ்வொரு சுவரிலும் சிவப்புச் சாயத்தால் எண் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீடு 31. டிலாவின் வீடு 32. அவள் வீட்டுக் கம்பியில் அந்தப் பொம்மை இன்னும் தொங்குகிறது. கண்ணாடி கரைந்துவிட்டது, தையல் அப்படியே இருக்கிறது.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பல்லை எடுத்தாயிற்று. காலையில் அவள்தான் காப்பி போடுகிறாள். கொஞ்ச நாளாக எனக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றுகிறாள். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று நினைக்கிறேன்.

நேற்று பாஷ்க் என்னைப் பார்க்க வந்தான். நகராட்சி வாசல் படியில் நின்று பேசினோம். என் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தான்.

"விட்டோரே, பொம்மை கட்டினத யாரும் சொல்லக் கூடாதுன்னு எங்க ஆளுங்க பேசி வெச்சிருக்காங்க. சொன்னா பழி நம்ம மேலயே வரும், வீடு தர மாட்டாங்கன்னு. எனக்கு அது வேண்டாம். நீ எல்லாத்தையும் சொல்லு. பொம்மையச் சொல்லு, டிலா தச்சான்னும் சொல்லு. உன்னப் பேசாதேன்னு நாங்க சொன்னதெல்லாம் இன்னையோட போச்சு. பேசு." தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். அந்த மதகத் தொறக்கிறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது, அண்ணா," என்றேன்.

தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. இன்றும் வந்திருக்கிறான், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிறது, முன்வாசல் மரத்தடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். பாவம், துக்கத்தில் இருக்கிற மனிதன். துக்கத்தில் ஒருவர் சொல்வதைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. வெர்ரா தன் நிதானத்தில் இருந்தபோது என்னிடம் கேட்டதுதான் செல்லும்.

மணி ஒன்று நாற்பது. உங்கள் ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டு, பறக்காமலிருக்க அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்திருக்கிறேன். நான் எழுதிய தாள்களை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளப் போகிறேன்; அதனால் இதை நீங்கள் படிக்கப் போவதில்லை, ஐயா. கடலோரத்தில் இன்னொரு நகராட்சி இதே மாதிரி வரைபடம் கேட்டு எழுதியிருந்தது. காலையிலேயே சரி என்று பதில் போட்டுவிட்டேன். இந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கமும் ஒரு படிக்கட்டு உண்டு, நான் அந்த வழியாக இறங்கிப் போகிறேன். வெர்ரா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை நான் இன்றுவரை மீறியதில்லை.